நாலு எலுமிச்சம்பழம் தின்ற தரை

ஒரு சிமெண்டுத் தரைக்கு முன்னால் நான் கைகட்டி நின்றேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். தேர்த் திருவிழாவில்கூட நான் அப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

என் வீட்டுக்காரர் சிங்காரம் முப்பது வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்து ஜீப்புகளுக்கு மெக்கானிக். தோட்டத்துப் பட்டறையிலும் மண் தரைதான், அதை மூடிய பிறகு, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், வெறும் மண்ணில் படுத்து வேலை பார்த்தார். சாயங்காலம் முன்பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார், திரும்பினால் சேற்றில் புரண்ட எருமை. அந்தச் சட்டை முதுகில் ஏறிய செம்மண்ணையும் கறுப்பு எண்ணெயையும் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் எல்லாம் காய்த்துப்போனது. திட்டாமல் நான் ஒரு சட்டைகூடத் துவைத்ததில்லை.

போன வருஷக் கடைசி மழையில், கீழ் லயத்து வரிசை வீட்டு ஜெயா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். கொட்டகைக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்துதான் அந்த லயத்துக்கே தண்ணீர். வாளியை எங்கள் வாசலில் வைத்தாள். தண்ணீருக்கு மேலே ஏழு நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேசாமல் நின்றாளே, அதுதான் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

விஷயம் மானேஜர் துரை காதுக்குப் போனது. சின்ன வயசு ஆள், நம் ஆள்தான், ஆனாலும் எங்களுக்குத் துரை துரைதான். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சிங்காரம், இது தோட்டத்து நிலம். கான்கிரீட் போட்டு, எண்ணெ உள்ள எறங்காம மேல சீலர் அடிங்க. ஜூலை கடைசி திங்கக்கிழமை நானே வந்து எண்ணெய ஊத்திப் பார்ப்பேன். தரை குடிக்கலன்னா நீங்க வேல செய்யலாம். குடிச்சிச்சின்னா கொட்டகைய மூடிரணும் லா. வேற வழியில்ல."

மூடினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மலைக்குக் கீழே கிள்ளானில் எங்கள் மகன் ரூபன் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தான். எனக்குத் தோட்டத்துத் தொழிற்சாலை வேலையில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அவர் கீழே, நான் மேலே. அவர் ஒரு பையில் நாலு சட்டையை மடித்து அலமாரி மேல் வைத்தார். அந்தப் பைக்கு மேல் நான் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினேன்.

தரை போட வந்தது தனுஜா. திரிங்காப் ஊர்ப் பக்கம் அவள் போடாத கான்கிரீட் இல்லை. முப்பது வயசு, நாலு ஆளை வைத்து வேலை வாங்குகிற பெண். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை கலவை லோரி வந்தது. கொட்டி, மட்டம் பார்த்து, இரும்புக் கரணையால் மழமழவென்று இழுத்தாள். முடித்துவிட்டு, "முகம் பாருங்க அக்கா" என்றாள். குனிந்தேன். மங்கலாக என் மூக்குத்தி தெரிந்தது.

மறுநாள் விடியலில் பனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. பல் கிட்டுகிற குளிர். தரை இறுகிவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐயோ, சூடு! காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி இளஞ்சூடு. அதன் மேலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்தது. கையை எடுக்க மனசே வரவில்லை.

தனுஜா வந்ததும் கேட்டேன். "இது என்னாடி, உசிர் இருக்கிற மாதிரி சுடுது?"

"சிமெண்டு தண்ணியக் குடிச்சுக் கல்லா மாறுது அக்கா. மாறும்போது சூடு வரும். ஏழு நாளைக்கு நனைச்சுக்கிட்டே இருங்க."

"மழையும் பனியுமா இருக்கிற ஊர்ல தரைக்குத் தண்ணி ஊத்தச் சொல்றியா? பைத்தியம்."

"காய்ஞ்சு கெட்டியாவுதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிறீங்க. தண்ணி இருந்தாத்தான் கெட்டியாவும்."

ஏழு நாள் கோணிச்சாக்கைப் பரப்பி, காலையும் மாலையும் நனைத்தேன். கல் பிறக்கிற இடத்தில் நிற்கிறோம் என்று நினைப்பு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். அவருக்கென்ன, முறைத்தால் அடங்கிவிடுவார்.

இருபதாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சீலர் டப்பா மூலையில் சும்மா கிடக்கிறது, தரை பாறை மாதிரி இருக்கிறது, இன்னும் என்ன? தனுஜா சண்டை போடவில்லை. ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டு, "நாளைக்கு நீங்களே பாருங்க" என்று போய்விட்டாள்.

மறுநாள் பார்த்தால், தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். மேலே தாள் காய்ந்து கிடக்கிறது. அடியில் கல் வியர்த்திருக்கிறது! எங்கே ஒளித்து வைத்திருந்தது இத்தனை தண்ணீரை? நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப சீலர் அடிச்சா இந்த ஈரம் வெளிய வர முடியாம முட்டும். பால் மாதிரி வெளுத்து, தோல் தோலா உரியும்" என்றாள் தனுஜா. "கீழ ஊர்ல இருபத்தெட்டு நாள் போதும். இந்தக் குளிர்ல இன்னும் ஒரு வாரம் சேர்த்து விடுங்க. நாள எண்ணாதீங்க, தாளப் பாருங்க."

சரி என்று சொன்னேன். ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புதுக் கொட்டகைக்குள் வண்டி ஏற்றுவதா? எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே கிடையாது. ஆனி முடிவதற்குள் ஒரே ஒரு நல்ல வெள்ளிக்கிழமைதான் இருந்தது. தரை போட்டு முப்பதாம் நாள். தனுஜாவிடம் மூச்சு விடாமல் பூசைக்கு ஏற்பாடு செய்தேன்.

"சீலர் அடிச்சப்புறம் செய்யலாமே, சுபத்ரா" என்றார் அவர்.

"ஆடில செஞ்சு, அப்புறம் துரை மூடச் சொன்னா, பையத் தூக்கிட்டு நீங்கதானே போவணும்?"

எண்ணெய் தரையில் சொட்டாமல் இன்ஜினுக்கு அடியில் மட்டும் அவர் பழைய தட்டுகளையும் அட்டையையும் பரப்பினார். மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஜீப்பு ஏறி நசுக்கியது. மனசு நிறைந்து தூங்கப் போனேன்.

சனிக்கிழமை காலை ஜீப்பை வெளியே தள்ளினோம். நசுங்கிய பழங்களை எடுத்தேன். எடுத்த இடத்தில் நாலு வெள்ளைத் தழும்பு. பளபளப்பு போய், தொட்டால் மணல் தாள் மாதிரி சொரசொரப்பு. துடைத்தேன், தேய்த்தேன், போகவில்லை. வாளியோடு ஜெயா நின்ற அந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

தனுஜா வந்து பார்த்து, "அலாமா!" என்று தலையில் கை வைத்தாள். "எலுமிச்ச புளிப்பு சிமெண்ட அரிச்சிரும் அக்கா! ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

முப்பது நாள் பிள்ளை மாதிரி வளர்த்த தரையை என் பக்தியே தின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வீட்டுக்குள் போனார். அலமாரிப் பக்கம் போகிறாரோ என்று என் உயிர் அவர் பின்னாலேயே போனது. தண்ணீர் குடிக்கத்தான் போயிருக்கிறார்.

தனுஜா வியாழக்கிழமையே மூலையில் ஒட்டிவிட்டுப்போன புதுத் தாளைக் கிழித்தாள். அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தரை தயார். அடிப்பதற்கு முன் கடைசிச் சோதனை என்று கையில் தண்ணீர் எடுத்துத் தரை முழுக்கத் தெளித்தாள். தெளித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சேம்பு இலையில் நிற்பது மாதிரி, தண்ணீர் உருண்டு உருண்டு தரை மேலேயே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், உள்ளே போகவே இல்லை. நாலு இடத்தில் மட்டும், விழுந்த சொட்டு விழுந்த கையோடு காணாமல் போனது. என் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிய இடத்தில்.

தனுஜா தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பு உங்களுது இல்ல, என்னுது. முகம் தெரியணும்னு ரொம்ப இழுத்துட்டேன். தரை வாய மூடிக்கிச்சு. இதுமேல சீலர் அடிச்சிருந்தா உள்ள எறங்காது, மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். துரை வர்ற அன்னிக்குப் பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு மாசத்துல டயர்ல ஒட்டிக்கிட்டு உரிஞ்சிரும். அதுக்கப்புறம் எண்ணெ எல்லாம் கீழதான்."

கீழே என்றால் ஜெயாவின் வாளி. நாலு பழமும் நாலு வாயைத் திறந்து காட்டியிருக்கின்றன! சாமியா, புளிப்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

"அப்ப இப்ப என்னா பண்றது?" என்றார் சிங்காரம்.

"தரை முழுக்க இதே மாதிரி வாயத் தொறக்கணும் அண்ணே. திரும்ப நனைச்சு, கழுவி, காய விடணும். பதினாறு நாள் இருக்கு. முடியும்னு நினைக்கிறேன்."

அதே புளிப்புக்காகப் பிரிஞ்சாங் டவுனில் மூன்று கடை ஏறி எலுமிச்சை உப்பு அத்தனை பாக்கெட்டையும் வாங்கினேன். "என்னாக்கா, ஊரு முழுக்க ஊறுகாயா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, என் வீட்டுக்காரரப் போடப் போறேன்" என்றேன். கையுறை மாட்டி, தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். தரை முழுக்கச் சிறு சிறு நுரை பொங்கியது. கல் சலசலவென்று மெல்லிசாகப் பேசியது. சத்தியமாக என் காதால் கேட்டேன். அப்பச் சோடா தூவி அடக்கி, அலசிய தண்ணீர் ஒரு சொட்டுகூட ஓடைக்குப் போகாமல் வாளி வாளியாக அள்ளினோம்.

பிறகு ஒரு வாரம் இரண்டு காற்றாடி ஓயாமல் ஓடியது. பனி உள்ளே வந்தால் நான் முறத்தால் விசிறி விரட்டினேன், பனி என்ன கோழியா, போகிறதுக்கு? மறுபடி தாள் ஒட்டினோம். ஒரு நாள் ஈரம். மறுநாள் ஈரம். அடுத்த சனிக்கிழமை, வறண்ட தாள். தண்ணீர் தெளித்தால் தரை முழுக்க ஒரே மாதிரி குடித்தது.

கதவை விரியத் திறந்துவிட்டு, உள்சுவரிலிருந்து வாசல் வரை பின்பக்கமாகவே நடந்து, தனுஜா ரோலரால் சீலரை மெல்லிசாக இழுத்தாள். "தடிப்பா அடிச்சா அழகா இருக்கும், நிக்காது" என்றாள். அது காய்ந்ததும் குறுக்கே இன்னொரு தடவை. அதோடு சரி. ஒரு வாரத்துக்கு யாரும் கால் வைக்கக் கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு நானே காவல் இருந்தேன்.

கடைசி திங்கட்கிழமை துரை வந்தார். ஒரு கோப்பைப் பழைய இன்ஜின் எண்ணெயைத் தரை நடுவில் ஊற்றினார். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. துரை குனிந்து துணியால் வழித்துத் துடைத்தார். விரலால் தடவினார். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தார். எண்ணெய் இருந்த இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஜீப்ப ஏத்துங்க சிங்காரம்" என்றார். "நாளைக்கு இன்னும் ரெண்டு அனுப்புறேன்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஜீப்பை ஏற்றி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு, தரையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்து போனார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். எழுந்து வந்தார்.

"திரும்புங்க" என்றேன்.

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா திரும்புங்க லா."

திரும்பினார். காலையில் நான் போட்டுவிட்ட இஸ்திரி மடிப்பு கலையாமல், வெள்ளை வெளேரென்று சட்டையின் முதுகு. முப்பது வருஷத்தில் நான் பார்த்திராத முதுகு. அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மூக்கைச் சிந்தி அதை அழுக்காக்கியதும் நானேதான்.