சுவருக்குள் பஞ்சு

குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று மதியச் சாப்பாட்டின்போது வெளியானது. புது வீட்டின் சுவர்களிலும் கூரைக்கடியில் உள்ள பரணிலும் குளிர் தாங்கும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைக்கும் பெரும்பணியை, வீட்டுக்காரர் தம் திருக்கரங்களாலேயே நிறைவேற்றப் போகிறார். கேட்டவர்கள் மனைவியும் மனைவியின் தம்பியும். கைதட்டல் எதுவும் எழவில்லை.

மனைவிக்கு வேண்டியது ஒன்றுதான். அக்கா வீட்டு ஹாலில் சோபாவை ஓரந்தள்ளிப் படுக்கும் பிழைப்பு முடிய வேண்டும். அக்கா நல்லவள்தான். ஆனால் இவள் ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், எந்த அறையிலிருந்தாலும் எட்டிப் பார்ப்பாள். கட்டட விதிப்படி ஆய்வு அதிகாரி வந்து, பஞ்சு வேலையைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டால் குடிபோய்விடலாம்.

பஞ்சு கழுத்தில் ஒட்டியது, சட்டைக்குள் போனது. குளித்தாலும் அரிப்பு நிற்கவில்லை. பரணில் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

“அத்தான், இங்க நிமிரவே முடியல.”

“நிமிராத மாப்ள. குனிஞ்சு வேலை செய்யறவன்தான் முன்னுக்கு வருவான்.”

“அப்ப நீங்க மேல வாங்க. சேர்ந்தே முன்னுக்கு வருவோம்.”

குறை சொல்ல முடியாது, வேலை சுத்தம். மரச்சட்டங்களுக்கு நடுவே இடுக்கு விடாமல், அமுக்காமல், பஞ்சு பாந்தமாக உட்கார்ந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரோ பஞ்சின் மேல் அடித்து மூட ஜிப்சம் பலகைகளை இறக்கினார்.

“அதிகாரி பாத்துட்டுப் போனப்புறம் மூடலாமேங்க,” என்றாள் மனைவி.

“பொண்ணு பாக்க வர்றப்ப பாதி தலை பின்னிட்டா நிப்பாங்க? முழுசா முடிச்சுக் காட்டினாத்தான் ஒரு கெத்து.”

சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அவள் ஸ்க்ரூக்களை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். சுவர் மூடி, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. பரணிலும் பலகை பரப்பியாயிற்று.

அதிகாரி வந்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“பஞ்சு எங்க சார்?”

“உள்ள இருக்கு.”

“அத நான் எப்படிப் பாக்கறது?”

“வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்காதுங்களா?”

“அந்த அசிங்கத்தப் பாக்கத்தான் சார் எனக்குச் சம்பளம்.”

தம்பி ஒரு பலகையைப் பெயர்த்தான். பெயின்ட் பட்டையாக உரிந்து வந்தது. அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

“பிரமாதமா பண்ணிருக்கீங்க. நான் பாத்ததுலயே இவ்வளவு நேர்த்தியா யாரும் பண்ணல.”

வீட்டுக்காரரின் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

“இதே மாதிரி மத்த சுவரையும் திறந்து வைங்க. பரணையும்தான். திரும்ப முறை வரும்போது வந்து பாக்கறேன்.”

“முறை எப்ப சார் வரும்?” என்றாள் மனைவி.

“அடுத்த மாசம் வரலாம்மா.”

வண்டி கிளம்பும்வரை வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

“கேட்டியா? இவ்வளவு நேர்த்தியா யாருமே பண்ணலையாம்.”

“கேட்டேன்.”

“மாப்ள, நீயும் கேட்டேல்ல?”

“கேட்டேன் அத்தான். கடப்பாரைய எங்க வெச்சீங்க?”

மனைவி அக்காவுக்குப் போன் செய்து, இன்னும் ஒரு மாதம் அங்கேதான் என்று சொன்னாள்.