கூரைமேல் இருநூற்றெண்பது கிலோ

1.
இது என் மனைவியின் கதை. அவளிடம் கேட்காமல் எழுதத் தொடங்கி, முடிவில் மாட்டிக்கொண்டேன். பெயர் நெஸ்லிஹான், மலையூரான பித்லிஸில் கட்டடப் பொறியாளர்.

முதல் வரி இப்படி இருந்தது: பித்லிஸில் பனி பூப்போல இறங்கி

(அடித்துவிட்டேன். கூரையேறிப் பனி தள்ளியவன் எவனும் அப்படி எழுதமாட்டான்.)

2.
பிப்ரவரி மதியம், அவளுடைய சித்தப்பா வாடகைக்கு விடும் திருமண மண்டபம். கூரையில் ஒரு வாரப் பனி. காலையிலிருந்து அதன்மேல் மழை. உள்ளே கல்யாணத்துக்கு வந்த இருநூறு பேர். நானும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தேன். காலையில் சுலபமாகச் சாத்த முடிந்த சமையலறைக் கதவு மேல்சட்டத்தில் சிக்குவதை நெஸ்லிஹான் கவனித்தாள்.

"ஈரத்துல ஊதியிருக்கும்மா," என்றார் சித்தப்பா.

"இரும்புக் கதவு, சித்தப்பா. மேல இருந்து கூரை அழுத்துது."

ஏணி வைத்துக் கூரையின் ஓரம்வரை ஏறினாள். அடி வெட்டிய எண்ணெய் டின்னைத் கூரைத் தகரம் தட்டும்வரை பனிக்குள் அழுத்தி, அடுக்கடுக்காக எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தாள். டின்னின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு இருநூற்றெண்பது கிலோ. கூரை போட்டது இருநூறு தாங்கத்தான்.

(கணக்கில் கொஞ்சம் கூடுதல் பலமும் சேர்த்துத்தான் கட்டுவார்கள். துருப்பிடித்த உத்திரத்தில் அது எவ்வளவு மிச்சமென்று யாருக்குத் தெரியும்?)

3.
"எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"கல்யாணப் பொண்ணு இப்பதான் வந்து உக்காந்திருக்கா. எம் மண்டபம் விழப்போகுதுன்னு நானே சொல்லணுமா?"

"அப்ப நான் சொல்றேன்."

மைக்கை வாங்கிச் சொல்லியும்விட்டாள். முரசு நின்றது. மேலே 'டக்' என்று ஒரு சத்தம். (கேட்டேனா, எழுதும்போது சேர்த்தேனா? இருக்கட்டும்.) மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுப்பனியில் இறங்கினாள். அவளுடைய அம்மா என் மனைவியைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் (இதை விட்டுவிடுகிறேன்.)

சித்தப்பா மட்டும் வரவில்லை. நடு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"வாங்க சித்தப்பா. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் தராசைத் தூக்கிட்டு நீ போ."

4.
முடிவு ஒன்று: கூரை விழுகிறது. இதற்குச் சித்தப்பா சாகவேண்டும்.

முடிவு இரண்டு: அவர் வெளியே வந்தபின் விழுகிறது. யார் நம்புவார்கள்?

நடந்தது: விழவில்லை. மழை விட்டதும் ஆட்கள் இருபுறமும் சமமாகப் பனியை இறக்கினார்கள். சித்தப்பா காலிக் குவளையோடு வெளியே வந்து, எங்களைத் தாண்டிப் போனார். இப்போது கடைத்தெருவில் அவளைக் கண்டால், "பொறியாளரம்மா, இன்னைக்கு எங்க வீடு நிக்குமா?" என்கிறார்கள்.

ஆகவே முதல் முடிவையே எழுதி, அவளிடம் படித்துக் காட்டினேன்.

"கிழிச்சுப் போடு."

"நீ சொன்னது சரின்னு ஆகுமே."

"இப்ப மட்டும் தப்பா? விழலேன்னா எடை குறைஞ்சிடுமா?" தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "வாசல்ல நின்னு அவரையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு நிமிஷம், விழட்டும்னு நெனச்சேன். எழுதறதுன்னா அதை எழுது."

5.
எழுதிவிட்டேன்.

நாளை பெருநாள். வழக்கப்படி சித்தப்பா வீட்டுக்குப் போய் அவர் கையை முத்தமிட வேண்டும். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நெஸ்லிஹான் மேலங்கியை இஸ்திரி போடுகிறாள். போட்ட இடத்திலேயே திரும்பப் போடுகிறாள். அவர் கையை நீட்டுவாரா, அந்த ஒரு நிமிஷத்தை இவள் அவரிடம் சொல்லுவாளா, தெரியாது. கதவைத் தட்டும்வரை நான் கூட இருப்பேன். திறந்த பிறகு நடப்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.