ஒண்ணும் இல்ல

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எண்டோஸ்கோப்பியில் இல்லை. ரத்தத்திலும் இல்லை. திண்டிவனத்து டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க அக்கா நல்லா இருக்காங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அந்த நேரத்தில் அக்கா வெண்ணிலா அறையில் இல்லை. பிரஷர் பார்க்க நர்ஸ் அவளை வெளியே அழைத்துப் போயிருந்தாள். சித்ரா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. வெறும் கேஸ்தான்."

வெண்ணிலா தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது.

சித்ராவுக்கு இது புரியாத விஷயம் இல்லை. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் துறையில் இருந்தாள். டாக்டர்கள் தேடியும் காரணம் கிடைக்காத வலிகள் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. மாணவர்களைக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொல்வாள். பாதிப் பேரிடம் எலும்பு வரைக்கும் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பாள். அவர்கள்தான் முதலில் கையை எடுப்பார்கள். தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர்கள் நடிப்பதும் இல்லை. வலி நிஜம். பயம் அதற்குத் தீனி போடுகிறது. இதை அவள் மேடை ஏறிச் சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு வலி நெஞ்சுக்குக் கீழே. சாப்பிட்டதும் வரும். அப்பா கண்ணையனுக்கும் அங்கேதான் வந்தது. அவருக்கு அது புற்றுநோய்.

சித்ரா வாராவாரம் மாதுளம்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனாள். அக்கா புருஷன் மணிமாறன் உரக்கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். குடத்தைத் தூக்க விடவில்லை. கண்டமங்கலத்துச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அக்கறையாகத்தான் எல்லாரும் செய்தார்கள். வெண்ணிலா ஒவ்வொன்றையும் கவனித்தாள். ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின.

பிறகு வேணி போன் செய்தாள். வெண்ணிலாவின் ஒரே மகள். புதுச்சேரியில் விடுதியில் தங்கிக் கணக்கு படிக்கிறாள், இரண்டாம் வருடம்.

"சித்தி, கண்டாச்சிபுரத்துல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. பேரு கோகுலகிருஷ்ணனாம். ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு வரட்டுமான்னு கேக்கறாங்களாம். அம்மா இன்னும் பதில் சொல்லல."

"உன் படிப்பு?"

"மாப்பிள்ளை வீட்ல படிக்க வேணாம்னு சொல்றாங்க."

"நீ முடியாதுன்னு சொல்லு."

"எப்டி சொல்றது? கண்ண மூடறதுக்குள்ள பாக்கணும்னு அம்மா சொல்லுது." வேணி குரலைத் தாழ்த்தினாள். "சித்தி, அம்மாவுக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லியா? எங்கிட்டயாவது சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

மறுநாளே சித்ரா விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வெண்ணிலா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தது கைப்பிடி அளவுகூட இல்லை. சித்ரா ரிப்போர்ட்டுகளைத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். குளிர்ந்த தண்ணீர்ச் சோதனையைச் சொன்னாள். பயந்தால் உடம்பு என்னென்ன செய்யும் என்று சொன்னாள். வகுப்பில்கூட அவள் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

"அப்போ நானாதான் வலிய வர வெச்சிக்கினு கீறேன்."

"அப்டி சொல்லலக்கா. வலி நெசந்தான். நோய்தான் இல்ல."

"அப்பாவுக்கும் ரிப்போர்ட் காட்டினோமே" என்றாள் வெண்ணிலா. "ஞாபகம் கீதா? பக்கத்து பெட்டுக்காரரு ரிப்போர்ட்ட வாங்கி, பேர மடிச்சி வெச்சிக்கினு, இதோ பாருங்கப்பா புண்ணுதான்னு படிச்சிக் காட்டின. இங்கிலீசு தெரிஞ்சவ நீ."

சித்ரா கையிலிருந்த ரிப்போர்ட்டைத் தரையில் வைத்தாள்.

"நான் சொல்லிடலான்னுதான் சொன்னேன். அந்த மனுசன் நெலத்த எழுதி வெக்கணும், தங்கச்சிகிட்ட பேசாம கீறாரு, போய்ப் பேசணும், சொல்லிடலாண்டின்னு அழுதேன். நீதான் விடல. சொன்னா பயத்துலயே போயிடுவாரு, நல்லதையே சொன்னா ஒடம்பு கேக்கும்ன. படிச்சவ சொல்றன்னு நானும் வாய மூடிக்கினேன்."

"அக்கா, அது வேற."

"இன்னா வேற? எனக்கு ஸ்கேன் பாத்த அன்னிக்கு நர்சு என்ன வெளிய இட்டுக்கினு போனா. நீ சிரிச்சிக்கினே வந்த. ஒண்ணும் இல்ல, வெறும் கேஸ்தான்ன. அப்பாகிட்ட சொன்ன அதே பேச்சு. அதே மொகம்." ஒரு கடலையை வாயில் போட்டுவிட்டு உடனே துப்பினாள். "நான் ஒன்ன கோச்சிக்கல. நல்லதுக்குதான் சொல்ற."

சித்ரா தாள்களை அடுக்கினாள். அவளிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை. உலகத்தில் எந்த டாக்டரை அழைத்து வந்தாலும் அவர் சித்ரா சொல்லிக்கொடுத்த டாக்டராகத்தான் இருப்பார். 'ஒண்ணும் இல்ல' என்ற சொல்லை அப்பாவிடமே செலவழித்தாகிவிட்டது. இனி அது அக்காவிடம் செல்லாது.

மணிமாறன் அவளைப் பைக்கில் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"வூட்ல சத்தமே இல்லம்மா. பேஜாரா கீது. முன்னெல்லாம் நீயும் அவளும் போன்ல கத்திக்கினே இருப்பீங்க. அந்த அண்டாவுக்கு எத்தினி வருசம் சண்டை போட்டீங்க. தெருவே கேக்கும்."

"நீங்ககூடதான் சாம்பாருக்கு அவ கூட சண்டை போடுவீங்க மாமா."

"ஆமா. இப்ப எப்டி போடறது, ஒடம்பு செரியில்லாதவகிட்ட?"

சித்ரா டீயைக் குடிக்காமல் நின்றாள். அப்பாவிடமும் கடைசியில் யாரும் சண்டை போடவில்லை. சாகப்போகிறவரை யாரும் திட்டுவதில்லை. ஒருவர் திட்டு வாங்கினால் அவருக்கு நோய் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு ரிப்போர்ட் கிடையாது. இத்தனை வாரமாக மாதுளம்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அவளே தன் கையால் அக்காவைப் படுக்கையில் போட்டிருக்கிறாள்.

"வண்டிய திருப்புங்க மாமா."

"இன்னாத்துக்கு?"

"சண்டை போட."

மணிமாறன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

வெண்ணிலா அதே இடத்தில் இருந்தாள். சித்ரா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அண்டா எங்க?"

"இன்னா அண்டா?"

"அம்மாவோட பித்தளை அண்டா. எனக்குன்னுதான் அம்மா சொல்லிச்சி. நீ பரண்ல போட்டு வெச்சிக்கினு கீற. பெரியவன்னா எல்லாத்தையும் வாரிக்கலாமா? நாக்குக்கு ருசியா சமைக்கத் தெரியாது, அண்டா ஒரு கேடு."

குரல் சரியாகத்தான் வந்தது. மணிமாறன் நிலைப்படியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பழைய வெண்ணிலாவாக இருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருப்பாள். சீர் தட்டில் தொடங்கி, சித்ரா பள்ளிக்கூடத்தில் தொலைத்த கம்மல் வரைக்கும் போயிருப்பாள். அந்த முகத்தில் எங்கேயாவது கோபம் வருகிறதா என்று சித்ரா பார்த்தாள். ஒரு கணம் வந்ததுபோல இருந்தது. கை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியது.

பிறகு அது போய்விட்டது.

"எடுத்துக்கினு போ" என்றாள் வெண்ணிலா. "எனக்கு இனிமே எதுக்கு? ஏங்க, அத இறக்கிக் குடுங்க. வேணி கல்யாணம் முடிஞ்சதும் எப்டியும் ஒங்கிட்டதான் குடுக்கலான்னு இருந்தேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்த வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது. சித்ராவுக்கு இன்னும் திட்டவேண்டியிருந்தது. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஏன் குடுக்கற? குடுக்காத. என்ன திட்டு. ஒரு வார்த்த திட்டுக்கா." நின்றபடியே அழுதாள்.

வெண்ணிலா கிட்டே வந்து தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழாத. அப்பாவுக்குக்கூட நீ ஒரு சொட்டு அழல. அவரு போற வரைக்கும் சிரிச்சிக்கினே இருந்த. இப்ப ஒன்னால முடியல பாரு." முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "போதும். இனிமே எங்கிட்ட மறைக்க வேணாம். எனக்கு இன்னா பயம்? வேணி ஒருத்திதான்."

"அக்கா, சத்தியமா ஒனக்கு..."

"சரி. சரிடி."

தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் குரல் தெளிவாக இருந்தது.

"கண்டாச்சிபுரத்துக்குப் போன் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லுங்க."

மணிமாறன் சித்ராவைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலையும் வெண்ணிலா பார்த்தாள். மறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தங்கையின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

மணிமாறன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.