தாமதமாக இறங்கியவள்

நான்கு மீட்டர் உயரத்தில் வைத்த குறுக்குக் கம்பியைத் தொடாமல் தாண்டிய நெட்டச்சி, பதினேழு நிமிடம் கழித்துத்தான் மெத்தையில் வந்து விழுந்தாள். அதற்குள் நடுவர்கள் தேநீர் குடித்து முடித்துக் கோப்பைகளையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கோலூன்றித் தாண்டும் போட்டியில் மதிப்பெண் தாளில் மூன்றே குறிகள்தான்: தாண்டினால் வட்டம், கம்பியைத் தட்டிவிட்டால் பெருக்கல், முறையை விட்டுக்கொடுத்தால் ஒரு கோடு. அந்தரத்தில் கிடப்பவளுக்கு என்ன போடுவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அடுத்து நின்ற பெண்ணுக்கு உடம்பு ஆறிக்கொண்டிருந்தது. தலைமை நடுவர், வாரநாட்களில் மருந்துக்கடை நடத்துகிற அம்மாள், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோடு போட்டார். போட்டியைப் பக்கத்து மெத்தைக்கு மாற்றினார்கள். நெட்டச்சி இறங்கி வந்தபோது பரிசளிப்பு முடிந்து, மைக்செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று.

பதினைந்து வயதுவரை அவள் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண். ஒரே விடுமுறையில் ஒரு சாண் வளர்ந்துவிட்டதால் கம்பியில் சுற்றும்போது கால் தரையில் இடித்தது. கையில் ஒரு கோலைக் கொடுத்துப் பக்கத்து மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மீட்டர் இருபதைத் தாண்டியபோது கீழே விழ நான்கு விநாடி தாமதம். அதை அவளுடைய அக்கா மட்டும் கவனித்தாள். அக்கா சாமான் வண்டி ஓட்டுகிறவள். நான்கு மீட்டர் நீளக் கோலை எந்தப் பேருந்திலும் ஏற்றவிடாததால், அவள்தான் வண்டிக்கூரையில் கட்டி, நுனியில் சிவப்புத் துணி முடிந்து, போட்டிக்குப் போட்டி கொண்டுபோனாள். மூன்று அறுபதில் தாமதம் ஐம்பது விநாடி ஆயிற்று. மூன்று எண்பதில் ஆறு நிமிடம். மருத்துவர் எடை பார்த்தார். ஐம்பத்தெட்டுக் கிலோ, குறை ஒன்றுமில்லை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வந்து, இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார். அவள் இறங்கும்வரை காத்திருந்து அதையே அவளிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே அவள் பறப்பதாக நினைத்துக்கொண்டதுதான் அவளுக்கு எரிச்சல். பறக்கிறவள் நினைத்த பக்கம் போவாள்; இவளால் ஒரு விரற்கடைகூட நகர முடியாது. கம்பிக்கு மேலே, வயிறு கீழே பார்த்தபடி, யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன சட்டை மாதிரி கிடக்க வேண்டியதுதான். பசியும் தாகமும் தெரியாது, ஆனால் நேரம் மட்டும் ஒவ்வொரு நிமிடமாகத் தெரியும். ஒரு நிருபர் கேட்டார், பறக்கும்போது எப்படி இருக்கும் என்று.

"நான் பறக்கல சார். எறங்க முடியல, அவ்வளவுதான்."

மறுநாள் பத்திரிகையில் 'பறக்கும் பாவை' என்று போட்டிருந்தது. சர்க்கஸ் கம்பெனிக்காரர் ஒருவர் முன்பணத்தோடு வந்தார். வந்த வழியே போனார். அவளுக்கு வேண்டியிருந்தது தாளில் ஒரு வட்டம்.

அடுத்த ஆண்டு சங்கத்தில் கமிட்டி போட்டார்கள். தாண்டியவர் அறுபது விநாடிக்குள் இறங்கியாக வேண்டும், இல்லையேல் பெருக்கல் என்று விதி வந்தது. மனு கொடுத்தவள், அன்று அடுத்து நின்று உடம்பு ஆறிப்போன அதே பெண். கல்லு மாதிரி நேராக விழுவதால் அவளுக்குக் கல்லு என்றே பட்டப்பெயர். நான்கு மீட்டர் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி அவள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாள். நெட்டச்சி, பள்ளிப் பிள்ளைகள் தாண்டும் மூன்று அறுபதிலேயே நிற்க வேண்டியதாயிற்று. இடுப்பு வாரில் ஈயத்துண்டுகளை வைத்துத் தைத்துப் பார்த்தாள், கோல் உடைந்தது. மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டுத் தாண்டிப் பார்த்தாள். கோபம் வந்தால் கனம் கூடும் என்று யாரோ சொல்ல, அக்கா கீழே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். கோபம் நன்றாகவே வந்தது, தாமதம்தான் மூன்று நிமிடம் கூடியது.

பிழைப்புக்கு நீச்சல்குளத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே பலகையிலிருந்து குதிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குதித்த மாத்திரத்தில் தொப்பென்று தண்ணீரில் விழுவதை எட்டு மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவும் அவளும் இருந்த வீடு டயர் கடை மாடியில் இரண்டு அறை. கோல்கள் அடுக்களையில் தொடங்கிப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அடுப்புக்கும் கோலுக்கும் நடுவே குனிந்து போன அக்கா தலையை இடித்துக்கொண்டு, பொறுமை போய்க் கத்தினாள்.

"விட்டுத் தொலையேன்டி! முப்பது வயசாச்சு. இன்னும் எத்தன வருஷம்?"

"எதுக்கா விடணும்? தாண்டாம இருந்திருந்தா எப்பவோ விட்டிருப்பேன். நான் தாண்டிட்டேன்க்கா. அதான் வயித்தெரிச்சல்."

அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுடைய முப்பத்துமூன்றாவது வயதில் சங்கம் விதிப்புத்தகத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தது. செய்தவர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டார். அறுபது விநாடி விதி அந்தப் பக்கத்தில் இருந்தது. செயலாளர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். அதைக் கண்டுபிடித்தவர் மருந்துக்கடை அம்மாள் ஒருவர்தான். கடையில் ஆள் வராத நேரத்தில் அவர் படிப்பது விதிப்புத்தகத்தைத்தான். நேராக நீச்சல்குளத்துக்கு வந்து, ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "பன்னெண்டு வருஷமா அந்தக் கோடு என்னை உறுத்துது. இப்போ புக்குல அந்த விதி இல்லம்மா. இல்லாததை நான் கேக்க முடியாது."

ஐந்து மாதம் பயிற்சி. அந்த ஆண்டுப் போட்டியில் மற்றவர்கள் எல்லாம் நான்கு மீட்டருக்குள் வெளியேறிவிட, நெட்டச்சி ஒருத்திதான் மிஞ்சினாள். எந்த உயரம் வேண்டுமென்று மருந்துக்கடை அம்மாள் கேட்டார். நாட்டுச் சாதனை நான்கு முப்பத்தைந்து. அவள் நான்கு முப்பத்தாறு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு ஓடி, ஊன்றி, ஏறி, தாண்டி, அங்கேயே நின்றுவிட்டாள்.

கம்பி அவள் விலாவுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. மாலையானது, மறுநாளும் ஆனது. மருந்துக்கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு அம்மாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் தாண்டினால் தூக்க வெள்ளைக்கொடியும், தட்டினால் தூக்கச் சிவப்புக்கொடியும். மைதானத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி அக்கா அதிலேயே குடியிருந்தாள். ஆறாம் நாள் செயலாளர் வந்தார். மைதானம் வேறொரு கூட்டத்துக்குப் பேசியாகிவிட்டது. ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"அவங்க முறையை விட்டுக்கொடுக்கலையே சார்," என்றார் அம்மாள்.

"எப்போதான் எறங்குவாங்க?"

"அது அவங்க கையில இல்ல."

கூட்டம் வேறு இடத்துக்குப் போயிற்று. பதினான்காம் நாள் பலத்த காற்று அடித்து, கம்பி தாங்கியில் கடகடவென்று ஆடியது. நெட்டச்சி வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டாள். சலிப்பில் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் கம்பியில் சொட்டி, அது நடுங்கியதைப் பார்த்து அழுகையையும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் கல்லு வந்தாள். இரண்டு பிள்ளை பெற்று, ஒரு முழங்கால் போய், கைத்தடியோடு இருந்தாள். மெத்தையருகே வந்து அண்ணாந்து பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கல்லு சொன்னது வேறு.

"ஏய், வலது முழங்கை எறங்குது பாரு. தூக்கு."

நெட்டச்சி முழங்கையைத் தூக்கினாள். கல்லு தினமும் வந்து அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, நெட்டச்சி மெத்தையில் விழுந்தாள். கம்பி அசையவில்லை. அம்மாள் எழுந்து, மரத்துப்போன காலை உதறி, வெள்ளைக்கொடியைத் தூக்கினார். அத்தனை நாளும் நகராமல் கிடந்த அக்கா, அந்த நேரம் பார்த்து இரண்டு பீரோவை இறக்கிவைக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தங்கை மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து நான்காவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"எறங்கிட்டியா?"

"இப்போதான்."

"என்ன போட்டாங்க?"

"வட்டம்," என்றாள் வாய் நிறைய ரொட்டியோடு.

அக்கா வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அழுதாள். காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை விடவில்லை.

சாதனை எந்தத் தேதியில் நிகழ்ந்தது என்று சங்கம் கடிதம் எழுதிக் கேட்டது. ஏறிய தேதியையும் இறங்கிய தேதியையும் அம்மாள் எழுதி அனுப்பினார். பட்டியலில் மற்றவர்களுக்கு ஒரு தேதி, அவளுக்கு இரண்டு என்று அச்சானது. நெட்டச்சி அதன்பிறகும் மூன்று ஆண்டுகள் போட்டிகளுக்கு வந்தாள். விதியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று ஒருமுறை பேச்சு எழுந்து, கமிட்டி கூடுவதற்கு நாள் கிடைக்காமல் அப்படியே போயிற்று. மைதான அலுவலகச் சுவரில் ஒட்டும் ஆண்டு அட்டவணையில், பெண்கள் கோலூன்றித் தாண்டுதலுக்குப் பிறகு மூன்று வாரம் எதையும் எழுதாமல் விட்டுவைத்தார்கள். அந்தத் தேதிகளில் மைதானம் கேட்டு வருபவர்களிடம், ஆள் மேலே இருக்கிறார், அடுத்த மாதம் வாருங்கள் என்று குமாஸ்தா சொல்வார். அவர்களும் சரியென்று அடுத்த மாதத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.