மிதிபடாத மருந்துச் சக்கை

கீழைக் கடலின் உப்புக்காற்று ஒருபுறம் அரிக்க, கல்லறுக்கும் பொறிகளின் வெண்டூள் மறுபுறம் படிய, கூரையும் மரமும் கொடியில் காயும் மீனும் ஒரே நிறமாய் வெளுத்துக் கிடக்கும் பெய்தான் என்னும் கல்தச்சர் ஊரில், கதிரவன் கடலைவிட்டு ஒரு கோல் உயரம் எழுந்திருந்தான். பட்டறை முற்றங்களில் விலைக்கு நின்ற கருங்கல் அரிமாக்களின் பிடரியில் பனிநீர் துளித்து நின்றது. உளியோசை இன்னும் தொடங்கவில்லை. அவ்வமைதியான வேளையில் ஒரு வீட்டிலிருந்து மட்டும், அழுகிய வேரும் பொசுங்கிய மயிரும் கலந்தாற்போன்ற நாற்றம் எழுந்து தெருவெல்லாம் பரவிற்று. அயலார் தத்தம் சாளரங்களைச் சாத்திக்கொண்டனர்.

அது கெங்செங்கின் வீடு. அரிமாவின் பாதம் செதுக்குவதில் அவனுக்கு இணையானவர் அவ்வட்டாரத்தில் இல்லை. மூன்று திங்களுக்கு முன், பட்டறை முதலாளி நியே என்பவன், "ஆப்பு வைக்க நேரமில்லை, தூக்குங்கள்" என்று விரட்டியதில் கற்பலகை சரிந்து, அவனது இடக்காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. நகர மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் எட்டு மணி நேரம் நின்று, எலும்பை இரும்புக் கம்பியால் கோத்து, குருதிக் குழாய்களை இணைத்து, தொடைத்தோலை எடுத்துப் போர்த்திக் காலைக் காத்துக் கொடுத்தனர். காலில் உயிர் இருந்தது; உணர்வுதான் இல்லை. ஊசியால் குத்தினாலும் பாதம் மரக்கட்டை போலக் கிடந்தது.

அம்மருத்துவமனையிலேயே மரபு மருத்துவம் பார்க்கும் ஓயாங் அம்மையார், புண் முற்றும் ஆறிய பின் உள்ளுக்கு ஒரு கசாயக் குடிநீரும், வெளியே ஆவி பிடித்துக் கழுவ ஒரு கூட்டு மருந்தும் எழுதித் தந்தார். அவர் பசப்பு வார்த்தை அறியாதவர். "ஒட்ட வச்சது அறுவைக்காரங்க வேலை. வீக்கம் வடியறதுக்கும் மூட்டு இளகறதுக்கும் என் மருந்து கொஞ்சம் கை குடுக்கும், அவ்வளவுதான். காலத் தரையில ஊன்றது உன் வேலை. அத எந்தக் கசாயமும் செய்யாது" என்றார். முன்னோர் கல்லறை துலக்கும் இளவேனில் நாளுக்குள் அவன் ஊன்றி நடக்காவிடில் கணுக்கால் இறுகிப்போகும். பிறகு ஆயுள் முழுதும் அக்குளில் ஊன்றும் கவைக்கோல்தான் என்றும் எச்சரித்தார். அந்நாளுக்கு இன்னும் பதினோரு நாளே இருந்தன.

ஆனால் கெங்செங் ஊன்றவில்லை. படிக்கும் நல்லீர், அவன் சோம்பேறி அல்லன். அவனை முடக்கியது வலியும் அன்று, அருவருப்பு. முப்பது ஆண்டு பழுதற்ற பாதங்களையே செதுக்கிய கண்ணுக்கு, செந்நீலம் பாய்ந்து, ஓரிடம் குழிந்து ஓரிடம் புடைத்து, ஒட்டுத்தோல் மினுமினுக்கக் கிடந்த தன் கால் பார்க்கப் பொறுக்கவில்லை. மண்புழுவும் சிறகற்ற மண்கரப்பானும் வேர்களோடு வெந்த கரிய குடிநீரை மூக்கைப் பிடித்து விழுங்குவான். பாதி குமட்டலில் திரும்பி வரும். ஆவி பிடிக்கையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அக்காலைக் கழுவித் துடைத்தவள் அவன் மனைவி வெய்யிங். "அரிமாவுக்குக் கால் செதுக்குன பெரிய சிற்பியாரே, சொந்தக் காலு செவுத்துலயா இருக்கு?" என்று அவள் சீண்டினாலும் அவன் திரும்பமாட்டான்.

வடித்த சக்கையைத் தெருவில் கொட்டுவது அவ்வூர் வழக்கம். நடப்போர் மிதிக்க மிதிக்க, நோய் அவர்தம் காலடியில் சிதறி வீட்டைவிட்டுப் போய்விடும் என்பது நம்பிக்கை. வெய்யிங் நாள்தோறும் வாயிலில் கொட்டினாள். நாற்றத்தை அருவருத்தும், நோய் தம் காலில் ஏறுமென்று அஞ்சியும் ஒருவர்கூட மிதிக்கவில்லை. அவனோடு ஒரே கலத்தில் உண்டவர்களும் சுவரோரமாய் ஒதுங்கி நடந்தனர். முதலாளி நியே ஒருநாள் பன்றிக்கால் சாற்றுடன் நலம் உசாவ வந்தான். கால்சட்டையை இரு விரலால் தூக்கி, சக்கையைத் தாண்டி உள்ளே வந்து, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே, காலுக்குக் கால்தான் மருந்து, நன்றாகச் சாப்பிடு என்றான். கொழுப்பில் மிதந்த வெளுத்த குளம்பைக் கெங்செங் பார்த்தான். தான் போர்வைக்குள் ஒளித்து வைத்திருக்கும் காலின் உருவே அது. முதலாளி இருக்கும்போதே வாந்தி எடுத்துவிட்டான். அந்த நாள் முதல் ஊரையும் தன்னையும் ஒருசேர வெறுத்தான்.

இன்று காலை குடிநீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, வெய்யிங் வெளியே சென்றதும், கையால் ஊர்ந்து சாளரத்தை அடைந்தான். மிதிக்காமல் போவோர் முகங்களைப் பார்த்து மனத்துக்குள் வைதுகொண்டிருப்பது அவனுக்கு ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. தெருவில் எவரும் இல்லை. வெய்யிங் மட்டும் சட்டியைக் கவிழ்த்தாள், இருபுறமும் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள். பிறகு ஆவி பறக்கும் சக்கைமேல் வெறுங்காலோடு ஏறி நின்று மிதிக்கத் தொடங்கினாள். அவள் பாதங்கள் அதன் கறையில் பழுப்பேறியிருந்தன. பலநாள் கறை அது.

"என்னடி பண்ற?" என்றான்.

அவள் திடுக்கிட்டாலும் இறங்கவில்லை. "ஊர்ல ஒருத்தனும் மிதிக்க மாட்டேங்கிறான். யாராச்சும் மிதிச்சாத்தானே உன் நோவு போவும்?"

"போயி உன் கால்ல ஏறிக்கும்."

"ஏறட்டும். நான் என் காலப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்க மாட்டேன்."

கெங்செங் நாணினான். ஊரார் அவன் சக்கையைத்தான் தாண்டினர். அவனோ, தன் கால்மீது குனிந்திருந்த அவளையே நாள்தோறும் தாண்டியிருந்தான். கவைக்கோலைப் பற்றி எழுந்தான். வாயிற்படியில் இருமுறை தடுமாறினான். அவள் ஓடிவந்து தாங்க முயல, "தள்ளு, காலு என்னுது" என்று கூறி, மூன்று திங்களில் முதன்முறையாகத் தன் இடக்காலை நேருக்கு நேர் பார்த்தான். பார்வையை விலக்காமலே அதைத் தூக்கிச் சக்கைமேல் வைத்து, உடற்பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினான்.

எலும்புக்குள் வலி மின்னிற்று. மென்மையாய் ஏதோ நசுங்கிற்று. வெதுவெதுப்பான கூழ் விரலிடுக்குகளில் பிதுங்கி ஏற, கரப்பானின் முறிந்த ஓடு ஒன்று ஊசியையும் உணராதிருந்த உள்ளங்காலை மெல்லக் கீறிற்று. மயிர் சிலிர்த்தது, காலைப் பின்னிழுக்க உடம்பெல்லாம் துடித்தது.

அவன் அசையாமல் நின்றான்.

"வெய்யிங், அருவருப்பா இருக்கு" என்றான்.

"நாத்தம் அப்படி. எறங்கு."

"நாத்தமில்லடி. கால்ல. கால்ல அருவருப்பா இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருமுனையில் வந்த இருவர், சக்கையைக் கண்டு வழக்கம்போல் சுவரோரம் ஒதுங்கினர். கெங்செங் அவர்களை வையவில்லை. குமட்டலை விழுங்கி, கண்ணீர் வழிய, மற்றொரு முறை மிதித்தான்.