முட்டு

மருமகள் பரிமளம் தைலப் போத்தலைத் திறந்துகொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தபோது பத்மாதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சு எடுக்க முடியவில்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். "இஞ்ச... முட்டு..." என்பதற்கு மேல் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு சொல் போதும், பக்கத்து வீட்டுக்காரர்கூட மருந்தோடு ஓடி வருவார். இவளோ, "முட்டா மாமி? ஏறி எறங்குனதுல புடிச்சிருக்கும். இந்த ஊரே மேடு பள்ளந்தானே" என்று சொல்லி, அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களுக்குக் கீழே தலையணையும் வைத்து, இரண்டு முழங்கால்களிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பு சுகமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

மகன் யோகேந்திரனுக்குக் கண்டி வங்கியில் வேலை. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை, நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி உதவியாளராகப் பயிற்சி எடுப்பவளை, வீட்டில் கேட்காமலே கட்டிக்கொண்டான். எப்படியாவது பேசி மகனைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்றுதான் பத்மாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் மாறி மாறிக் கண்டிக்குப் பக்கத்து இந்தக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்திருந்தார். வந்த நாளிலிருந்து மருமகளை அவர் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. 'இஞ்ச', 'உந்தச் சாமானை எடும்' என்பதோடு சரி. வருத்தக்காரி, நோயாளி என்று அவள் நினைத்துவிடக் கூடாதென்று, முட்டுக்கு விழுங்கும் குளிசைகளைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்திருந்தார்.

அன்று காலையில், கடைகளைத் திறக்கக் கூடாதென்று கிளர்ச்சிக்காரர்கள் ஒட்டிய சுவரொட்டியை மீறித் திறந்த ஒரு கடைக்கு முன்னால் டயர்களைக் கொளுத்தினார்கள். பகலிலேயே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மகன் வங்கியிலேயே மாட்டிக்கொண்டான். யன்னல்களையெல்லாம் பூட்டியும் புகை தெருக் கதவுக்கு அடியால் உள்ளே வந்தது.

மல்லாந்து கிடக்கக் கிடக்க, நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்தது போலிருந்தது. எழும்பப் பார்த்தார். "அசையாதீங்க மாமி" என்று பரிமளம் தோளை மெல்ல அமர்த்தினாள். இவளுடைய அன்பிலேயே செத்துப்போகப் போகிறேன் என்று பத்மாதேவி நினைத்தார்.

திடீரென்று தைலக் கை நின்றது. பரிமளத்தின் பார்வை முழங்காலில் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து குழிந்து போகும் மாமியின் தொண்டைக் குழியில் இருந்தது.

"மாமி, இது முட்டி இல்ல... மூச்சா?"

பத்மாதேவி கண்களை மூடித் திறந்தார்.

"ஐயோ!" என்றாள் ஒரு தரம். அதற்குப் பிறகு அவளிடம் பதற்றமே இல்லை. மாமியைத் தூக்கி உட்காரவைத்து, மேசையை இழுத்து முன்னால் போட்டு, தலையணையை அதன்மேல் வைத்து அவரைக் குனிந்து சாய வைத்தாள். சட்டைக் கொளுக்கிகளைக் கழற்றிவிட்டாள். எந்தக் கதவையும் திறக்க வேண்டாம் என்று யோகேந்திரன் சொல்லிப் போயிருந்தான். அவள் மகாவலிப் பக்கத்துக் குசினிக் கதவை அகலத் திறந்தாள். ஆற்றுக் காற்று வந்தது.

"குளிசை... பெட்டி..." அந்தச் சொல் இருவருக்கும் பொது. சேலைகள் தரையில் சரிய, குளிசை வாய்க்கு வந்தது.

"மூக்கால இழுங்க. இப்ப வாயக் குவிச்சு மெதுவா ஊதுங்க. சூடான தேத்தண்ணிய ஊதுற மாதிரி. அவசரமே இல்ல மாமி, முழுசா ஊதுங்க."

முதுகில் ஒரு கை விரிந்து கிடந்தது. இன்னொரு கை விரல் நகங்களைத் திருப்பி நிறம் பார்த்தது. பத்மாதேவி எத்தனையோ டொக்டர்மாரைக் கண்டவர். ஆனால் பக்கத்தில் இருந்து தங்கள் மூச்சையும் சேர்த்து இழுத்து, சேர்த்து விட்டவர்கள் யாருமில்லை. இந்தச் சின்னப் பெண் தனக்காகவும் மூச்சு விடுகிறாள் என்றே தோன்றியது. வாயைக் குவித்து ஊதும்போது அவள் முகம் எவ்வளவு வடிவு! மகன் பார்த்த முகம் இதுதானாக்கும்.

நெஞ்சுக்குள் விசில் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

"உங்கட ஊரில மூச்சு முழங்காலுக்குள்ளயோ பிள்ளை இருக்கிறது?"

பரிமளம் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "எங்க தோட்டத்துல முட்டுன்னா காலு முட்டிதான் மாமி. இதை இழுப்புன்னுதான் சொல்லுவோம். வகுப்புல உடம்பு முழுக்கச் சிங்களத்துல படிச்சேன். உங்க தமிழ்ல படிக்கலயே..."

"சரி, அழாதையும். எனக்கு இப்ப நாரியும் நோகுது."

தைலத்துக்கு நீண்ட கை அப்படியே நின்றது. "நாரின்னா எது மாமி? தொட்டுக் காட்டுங்க. காட்டாம இனி ஒரு சொட்டும் தேய்க்க மாட்டேன்."

பத்மாதேவி அந்தக் கையைப் பிடித்துத் தன் இடுப்பின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

ஊரடங்கு தளர்ந்ததும் வியர்வையோடு ஓடிவந்த யோகேந்திரன் வாசலிலேயே நின்றுவிட்டான். தரையெல்லாம் சேலை. குசினிக் கதவு திறந்து கிடந்தது. அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் தைலத்தில் பளபளத்தன.

"அம்மா, முழங்காலுக்கு என்ன?"

மேசைத் தலையணையில் கன்னத்தை வைத்தபடி அம்மா சூடான தேநீரை ஊதுவதுபோல் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய கை பின்னால் வளைந்து, பரிமளத்தின் கையை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்திருந்தது.