எட்டரை மணி ஊசி

சரியாக இரவு எட்டரைக்கு ஊசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் பெமிலா சொன்னது சனிக்கிழமை மத்தியானம். அன்று சாயங்காலம்தான் சுசீந்திரத்தில் அனீஷின் பெரியம்மா தாணம்மாள் வீட்டில், சொந்தக்காரர்கள் கூடிக் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கும் காய்கறி வெட்டு.

“பத்து நாளா போட்ட ஊசியில முட்டைகள் நல்லா வளர்ந்திருக்கு. இது கடைசி ஊசி. போட்டு முப்பத்தாறு மணிக்கூர் கழிச்சு, திங்கக்கிழமை காலையில மயக்கம் கொடுத்து முட்டைய எடுப்போம். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது” என்றார் டாக்டர்.

அனீஷுக்குத் தோவாளைச் சந்தையில் பூ மொத்த வியாபாரம். மனைவி சுபிதா நாகர்கோவிலில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஏழு வருஷம். முதல் ஐந்து வருஷம் பரிசோதனை எல்லாம் சுபிதாவுக்குத்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் அனீஷ் தலையைக் குனிந்துகொண்டு, கையில் சின்ன டப்பாவோடு ஆஸ்பத்திரிக் குளியலறைக்குள் போனான். விந்தணு மிகக் குறைவு, இருப்பவற்றுக்கும் ஓட்டம் போதாது என்று முடிவு வந்தது.

“ஒரு முட்டைக்கு ஒரு நல்ல அணு மதி, அதுவே போதும். நாங்களே அதைப் பொறுக்கி ஊசி வழியா முட்டைக்குள்ள விட்டிருவோம்” என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் அந்த முடிவை அனீஷ் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ‘சுபிதாவுக்கு ஏதோ கொறை’ என்றே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு எட்டு இருபதுக்கு இருவரும் பூசணிக்காயையும் கத்தியையும் வைத்துவிட்டு நழுவினார்கள். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் ஊசி இருந்தது. வாழைக்குலைகள் அடுக்கியிருந்த பின்அறையில் அனீஷ் ஊசியை எடுத்து நிமிர்ந்தபோது கதவு திறந்தது.

“இங்க என்னலே வேல?” என்று வந்த தாணம்மாள் ஊசியைப் பார்த்தாள். “எம்மா! இவளுக்கு என்ன தீனம்?”

“சீக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. பிள்ள உண்டாகதுக்கு வைத்தியம்.”

“பாவம், இந்தப் பெண்ணுக்கு என்ன கொறையோ...”

அனீஷ் ஒரு கணம் சுபிதாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொறை அவளுக்கு இல்ல, பெரியம்மா. எனக்காக்கும்” என்றான். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே காய் வெட்டும் சத்தம் நின்றது.

“மணி எட்டு இருபத்தொம்பது. மீதிய பொறவு பேசலாம், குத்துங்க” என்றாள் சுபிதா.

தாணம்மாள் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றாள். வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். “வரப்பிடாது! பெருச்சாளி நிக்குது!” என்று கத்தினாள். சுபிதாவுக்குச் சிரிப்பு வந்து, ஊசி போட வேண்டிய வயிறு குலுங்கியது. “சிரிக்காதட்டி, குறி தவறிரும்” என்றான் அனீஷ்.

திங்கட்கிழமை பதினோரு முட்டை கிடைத்தது. ஒன்பதில் அணுவைச் செலுத்தினார்கள். மறுநாள் ஆறு கருவாகியிருந்தன. ஐந்தாம் நாள் மிஞ்சியவை மூன்று. ஒன்றைக் கருப்பையில் வைத்து, இரண்டை உறைய வைத்தார்கள்.

பதினான்கு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. கரு தங்கவில்லை.

சுபிதா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அனீஷ் சந்தைக்குப் போகாமல் தோசை சுட்டான்; கருகிய தோசையை இருவரும் தின்றார்கள். தாணம்மாள் பஸ் ஏறி வந்து சுபிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மக்கா, இத்தன வருஷமா நான் ஒன்ன என்னெல்லாம் பேசியிருக்கேன். மன்னிச்சிரு” என்றாள். சுபிதா அவள் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து, உறைந்திருந்த ஒரு கருவை வைத்தார்கள். நடக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். சுபிதா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பின்னங்கள் நடத்தினாள். இந்த முறை ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் எண் ஏறியிருந்தது.

ஏழாவது வாரம் ஸ்கேன். திரையில் கடுகளவு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியல்லியே” என்றான் அனீஷ்.

“கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க” என்றாள் சுபிதா.